ஒரு பட்டறைக்கான சாக்கெட்டுப் பட்டியல்

(சற்றே நீண்ட பதிவு. விடுதி வாசலில் பைக் நிறுத்தியிருப்பவர்கள் இறுதிவரை வாசித்தால் பயனிருக்கும்.)

தில்லியின் இருசக்கர வாகனப் பட்டறைகளில் புழங்கும் தொழிற்சொற்களை முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொகுத்து வருகிறேன் என்பது இங்குள்ள நண்பர்கள் பலருக்குத் தெரியும். இதுவரை சொற்களைப் பற்றியே எழுதி வந்தேன். இம்முறை அச்சொற்கள் சுட்டும் பொருள்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எஞ்சின் வேலைக்கு எந்தச் சாக்கெட்டுகளை, எந்த ஸ்பேனர்களை வாங்குவது என்ற கேள்வி கடந்த குளிர்காலம் முழுவதும் என் களக் குறிப்பேட்டின் பல பக்கங்களை எடுத்துக்கொண்டது.

கேள்வி என்னுடையதாக எழவில்லை. நான் வழக்கமாகச் சென்று அமரும் பட்டறையின் உஸ்தாதிடம் ஏழாண்டுகள் வேலை கற்ற இளைஞர் ஒருவர் தனிக் கடை வைக்க முடிவு செய்தார். முன்பணம், ஓராண்டு வாடகையில் ஒரு பகுதி, காற்றழுத்த இயந்திரம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போகக் கைக்கருவிகளுக்கென அவரிடம் எஞ்சியது 12,000 ரூபாய். "தீதி, நீங்கள்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறீர்களே, எனக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்" என்றார். பட்டறையில் பிறர் கருவியை எடுத்து வேலை செய்தவர் தன் கருவியைத் தானே வாங்கப் போகிறார். தவறான கருவியால் வாடிக்கையாளரின் வண்டியில் ஒரு போல்ட் முறிந்தால், இனி அதற்கான செலவு அவருடையது. அந்த 12,000 ரூபாய் இரண்டாம் முறை கைக்கு வரப்போவதும் இல்லை.

அரசு உதவி கிடைக்காதா என்று நண்பர்கள் கேட்டனர். நானும் தேடிப் பார்த்தேன். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைச் சேர்ந்தவர்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை வழங்குகிறது. கொல்லர், பூட்டுத் தொழிலாளர், சுத்தியலும் கருவிகளும் செய்வோர் ஆகியோர் அந்தப் பதினெட்டில் உண்டு. வண்டி பழுதுபார்ப்போர் இல்லை. ஸ்பேனரைச் செய்பவர் அப்பட்டியலில் இடம்பெறுகிறார். அதைக் கொண்டு வாழ்நாள் முழுதும் வேலை செய்பவர் இடம்பெறவில்லை. எது மரபு, எது கைவினை என்ற வகைப்பாட்டுச் சிக்கலை வகுப்பறையில் விவாதிப்பவர்கள் இந்த எடுத்துக்காட்டைக் குறித்துக்கொள்ளலாம். எங்களைப் பொறுத்தவரை, கையிலிருக்கும் தொகைக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று.

காஷ்மீரி கேட் கடைகளில் முதலில் கண்ணில் படுவது பெரிய பெட்டி. 108 உருப்படிகள், 216 உருப்படிகள் என்று மேலட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். திறந்தால் ஒவ்வொன்றும் தனக்கான குழியில் பளபளவென்று அமர்ந்திருக்கும். இளைஞருக்கு அதன் மீது ஆசை. அந்த ஆசைக்கு அவர் சொன்ன காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. புதிய கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதலில் கருவிகளைத்தான் பார்ப்பார். பெரிய பெட்டி இருந்தால் வண்டியை நம்பி விட்டுப் போவார். உஸ்தாதோ பெட்டியைக் கையால் தொடவும் இல்லை. "இதில் நீ தினமும் எடுக்கப்போவது எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம். அத்தகைய பெட்டியில் கணிசமான பகுதி திருப்புளி முனைகள். இன்னொரு பகுதி அங்குல அளவுச் சாக்கெட்டுகள். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை தேவைப்படா. அடுத்து, ஒரே அளவு இரண்டு வெவ்வேறு சதுரத் துளைகளில் திரும்ப வரும். உருப்படிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஓர் உருப்படிக்குச் செலவிடப்பட்ட எஃகும் கவனமும் குறைகின்றன. அகராதி ஒன்றை அதிலுள்ள தலைச்சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டு வாங்குவது போன்றது இது.

எனவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு மொழியின் சொல்வழக்கை அறியத் தரவுத்தொகுதி உருவாக்குவது போல, எஞ்சின் வேலையின் கருவி வழக்கை அறியவும் உருவாக்கலாம் அல்லவா? ஒரு தாளில் 6 முதல் 24 வரை எண்களை எழுதிச் சுவரில் ஒட்டினோம். எந்த அளவுக் கருவியை எடுத்தாலும் இளைஞர் அந்த எண்ணுக்கு நேராக ஒரு கோடு இட வேண்டும். மூன்று வாரங்கள் இது நடந்தது. எண்ணெய் மாற்றுதல், கிளட்ச் தகடு, வால்வு இடைவெளி சரிசெய்தல், சிலிண்டர் தலையைக் கழற்றுதல் என எல்லா வகை வேலையும் அதில் அடங்கின.

மூன்றாம் வாரம் முடிந்தபோது தாள் தன் கதையைத் தானே சொன்னது. 10 என்ற எண்ணுக்கு நேராக இடமே இல்லாத அளவுக்குக் கோடுகள். அடுத்து 8. பின்னர் 12, 14, 17. அவற்றுக்கு வெகு தொலைவில் 13, 19. 9, 11, 15, 18 ஆகியவற்றில் கோடுகள் அரிது அல்லது அறவே இல்லை. மொழியியல் மாணவர்களுக்கு இந்த வளைவு பழகியது. மிகச் சில சொற்களே எந்தப் பனுவலிலும் மிகப் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் விரிவாக ஆராய்ந்தவர். 1949இல் வெளிவந்த தம் நூலில், சொற்களுக்கு உவமையாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு கைவினைஞனின் கருவிகளையே. நீண்ட பலகை ஒன்றில் கருவிகளைப் பரப்பி வைத்திருக்கும் கைவினைஞன், அடிக்கடி வேண்டியவற்றைத் தன்னருகே வைத்து, தன் உழைப்பைக் குறைத்துக்கொள்வான் என்பது அவர் வாதத்தின் தொடக்கம். உவமையாக மட்டும் நான் படித்திருந்ததை அந்தச் சுவரொட்டித் தாளில் நேரடிப் பொருளில் கண்டேன்.

அந்த ஐந்து எண்கள் ஏன் என்பதற்கு வரலாறு விடை சொல்கிறது. 6 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்குப் பொதுவாக 10 மி.மீ. தலை, சிறு தலையுள்ள விளிம்பு போல்ட் என்றால் 8. தண்டு 8 மி.மீ. என்றால் ஜப்பானியத் தரத்தில் தலை 12, பன்னாட்டுத் தரத்தில் 13. தண்டு 10 மி.மீ. என்றால் ஜப்பானியத் தரத்தில் 14, பன்னாட்டுத் தரத்தில் 16, பழைய ஜெர்மானியத் தரத்தில் 17. இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடும் சிறு வண்டிகளின் வடிவமைப்பு ஜப்பானிலிருந்து வந்தது. ஹீரோவும் ஹோண்டாவும் 1984இல் கூட்டு நிறுவனம் அமைத்தன. ஸ்ப்ளெண்டர் 1994இல் வந்தது. கூட்டு பின்னர் முறிந்தது, பெயர் மாறியது. எஞ்சினில் 12, 14 ஆகிய தலைகள் மட்டும் மாறாமல் நிற்கின்றன. கடன்சொற்களைக் கொண்டு பழைய தொடர்புகளை ஊகிக்கும் நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

இதனால் முதல் முடிவு எளிதாக அமைந்தது. இந்தியப் பட்டறைகளில் பரவலாக விற்கும் இருமுனை ஸ்பேனர் தொகுப்பில் 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று எட்டு உருப்படிகள் இருக்கும். 'தஸ்-க்யாரா கொடு', 'பாரா-தேரா கொடு' என்றுதான் தில்லியில் கேட்பார்கள். நம் ஊரில் 'பத்துப் பதினொண்ணு' என்பதும் இதே அமைப்பே. இலக்கண ஆசிரியர்கள் உம்மைத்தொகை என்பார்கள். வழக்கில் இரண்டு எண்களும் சமமாக ஒலித்தாலும், வேலையில் அவை சமமல்ல. 10 தேயும், 11 புதிதாகவே இருக்கும். ஆகவே இருமுனைத் தொகுப்புக்குப் பதிலாக, ஒரு முனை வளையமும் மறுமுனை திறந்த வாயுமாக ஒரே அளவைத் தாங்கும் கூட்டு ஸ்பேனர்களை 8, 10, 12, 13, 14, 17, 19 எனத் தனித்தனியே வாங்குவது என்று தீர்மானித்தோம். இறுகிய போல்ட்டை வளையத்தால் இளக்கி, அதே கருவியைத் திருப்பித் திறந்த வாயால் விரைந்து கழற்றலாம்.

இங்கே எண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஸ்பேனரில் பொறித்த எண் எதைச் சுட்டுகிறது? மெட்ரிக் கருவிகளில் அது போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம். ஆனால் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த பிரித்தானிய மரைத் தரத்தில் ஸ்பேனர் மீதுள்ள எண் தலையின் அளவைக் குறிப்பதில்லை, அத்தலைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத தண்டின் விட்டத்தைக் குறிக்கிறது. கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கால் அங்குலத்தைவிட நன்றாகவே அகன்றிருக்கும். அமெரிக்க முறையில் கால் அங்குலம் என்றால் வாயே கால் அங்குலம். ஒரே குறி, இரு வேறு சுட்டுப்பொருள். கரோல் பாகில் பழைய புல்லட்டுகளைச் சீரமைக்கும் முதியவர்கள் மூன்று வகை ஸ்பேனர்களையும் தனித்தனித் துணிச்சுருளில் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

அங்குலச் சாக்கெட்டுகளை வாங்குவதில்லை என்று முடிவு செய்தபோது இளைஞர் ஒரு நியாயமான கேள்வி எழுப்பினார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் என்ன? கணக்கிட்டோம். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.; 19க்கும் அதற்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. அங்குலத்தின் பதினாறில் ஐந்து பங்கு 7.94, 8க்கு மிக அருகில். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. அந்தத் தலையில் 13 சாக்கெட் நுழையும், சுற்றவும் செய்யும், 0.3 மி.மீ. இடைவெளியுடன். இறுகிய போல்ட்டின் முனைகளை மழுங்கடிக்க அந்த இடைவெளி போதும். பொருந்தாத கருவியைவிடப் பொருந்துவது போல் தோன்றும் கருவியே கேடு செய்கிறது. பொருந்தாதது நுழையவே நுழையாது, கேடும் இல்லை.

இந்த மழுங்கலே அடுத்த முடிவையும் தீர்மானித்தது. சாக்கெட்டின் உட்புறம் ஆறுமுனையாகவோ பன்னிருமுனையாகவோ இருக்கும். பன்னிருமுனைச் சாக்கெட்டை 30 பாகைக்கு ஒருமுறை தலையில் அமர்த்தலாம். ஆறுமுனையை 60 பாகைக்கு ஒருமுறைதான். இடநெருக்கடியில் கைப்பிடியை அசைக்க வழியில்லாதபோது முன்னது வசதி. ஆயினும் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பன்னிருமுனையில் ஒவ்வொரு முனையிலும் சாக்கெட்டின் சுவர் தலையைத் தொடும் பரப்பு சிறிது. விசை தலையின் விளிம்பருகே குவிகிறது. துருப்பிடித்த, ஏற்கெனவே ஓரளவு மழுங்கிய தலையில் அது வழுக்கும். வழுக்கினால் போல்ட் மட்டுமன்று, எஞ்சினின் கூரிய விளிம்பில் மோதும் விரல் மூட்டுகளும் சேதமடையும். எங்கள் உஸ்தாதின் வலக்கை மூட்டுகளில் உள்ள தழும்புகள் அவர் தொழில் கற்ற காலத்துக் கருவிகளின் தரத்தைக் காட்டும் ஆவணங்கள்.

ராட்செட் கைப்பிடி வந்தபின் பன்னிருமுனையின் வசதிக்குத் தேவை குறைந்துவிட்டது. 72 பற்களுள்ள ராட்செட்டில் 5 பாகை அசைவு போதும், அடுத்த பல்லில் விழும். 36 பற்கள் என்றால் 10 பாகை. ஆகவே சாக்கெட்டுகள் அனைத்தும் ஆறுமுனை, வளைய ஸ்பேனர்கள் மட்டும் பன்னிருமுனை என்று முடிவாயிற்று. நல்ல ஆறுமுனைச் சாக்கெட்டை வெளிச்சத்தில் பார்த்தால் உட்புற மூலைகள் சற்று வளைவாகக் குடைந்திருக்கும். விசையைத் தலையின் விளிம்பிலிருந்து விலக்கித் தட்டைப் பக்கத்தில் செலுத்தவே அந்த ஏற்பாடு.

'சாக்கெட்' என்ற சொல்லைத் தில்லிப் பட்டறைகளில் அதிகம் கேட்க முடியாது. 'கோட்டி' என்பார்கள். விளையாட்டுக் காய்க்கு உரிய சொல் அது. 'தஸ் கீ கோட்டி' என்று உஸ்தாத் முதன்முறை குரல் கொடுத்தபோது, திருநெல்வேலிக்காரியான எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பக்கம் 'கோட்டி' என்றால் பைத்தியம். ஸ்பேனருக்குப் 'பானா'. மரைக்குச் 'சூடி', அதாவது வளையல். மரை தேய்ந்துபோனால் 'சூடி மர் கயீ', வளையல் செத்துவிட்டது என்பார்கள். நாம் மரை கழன்றதாகச் சொல்கிறோம், அதை மனிதர்கள் மேலும் ஏற்றிச் சொல்கிறோம். இச்சொற்களைத் தொகுப்பதே என் பணி என்றாலும், அலுமினிய எஞ்சின் உடலில் ஒரு மரை செத்துப்போனால் அதைச் சரிசெய்ய எவ்வளவு பணமும் நேரமும் செலவாகும் என்பதைப் பட்டியல் எழுதத் தொடங்கிய பிறகே கணக்காக அறிந்தேன்.

அந்தச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் நெம்புகோலின் நீளம். சாக்கெட்டின் பின்புறச் சதுரத் துளை மூன்று அளவுகளில் வழங்குகிறது: கால் அங்குலம், அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு, அரை அங்குலம். மில்லிமீட்டர் சாக்கெட்டுகளிலும் இத்துளை அங்குலத்தில்தான் நீடிக்கிறது. பழைய ஒலிப்பு மறைந்தபின்பும் எழுத்துக்கூட்டல் நீடிப்பதைப் போல. பழைய பட்டறைக்காரர்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைச் 'சூத்' என்பர். நம் தச்சர்கள் அதே அளவை 'நூல்' என்பர். இரு சொற்களுக்கும் பொருள் நூலே.

கணக்கு இப்படி. ஹோண்டா வழிவந்த பழுதுபார்ப்புக் கையேடுகளில் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவான முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 22. பத்து செ.மீ. நீளமுள்ள கைப்பிடியில் 10 நியூட்டன் மீட்டரை எட்ட ஏறத்தாழ பத்துக் கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டும். கை அதை உணரும். அரை அங்குல ராட்செட்டின் 25 செ.மீ. கைப்பிடியில் நான்கு கிலோ போதும். கை அதை உணர்வதற்குள் எல்லை கடந்துவிடும். அதே கைப்பிடியை இருபது கிலோ விசையில் இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர், வேண்டியதைப் போல் ஐந்து மடங்கு. போல்ட் முறியும், இல்லையேல் வளையல் சாகும். சிறிய எண்ணுள்ள ஸ்பேனரைக் குட்டையாகவும் பெரிய எண்ணுள்ளதை நீளமாகவும் செய்வது அழகுக்காக அன்று. நீளமே அதில் எழுதப்படாத எச்சரிக்கை. ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி நீட்டுபவர் அந்த எச்சரிக்கையை அழிக்கிறார்.

எனவே அன்றாட வேலைக்கு எட்டில் மூன்று பங்குத் துளையுள்ள ராட்செட்டும் சாக்கெட்டுகளும். சிறு போல்ட்டுகளுக்கு 8, 10 அளவுகளில் டீ ஸ்பேனர்கள். இரு பக்கமும் சமமாகப் பிடித்து விரல்களால் சுழற்றலாம், விசையும் மிகாது. அச்சு நட்டு போன்ற இறுகிய பெரியவற்றுக்கு மட்டும் அரை அங்குலத்தில் ராட்செட் இல்லாத நீண்ட கைப்பிடி ஒன்று. இளக்கும்போது ராட்செட்டின் சிறு பற்கள் மீது அந்தச் சுமையை ஏற்றக்கூடாது. கூடவே 75, 150 மி.மீ. நீட்டிப்புத் தண்டுகள், 10 மி.மீ. மரையுள்ள ஸ்பார்க் பிளக்குகளுக்காக 16 அளவில் ஆழமான சாக்கெட் ஒன்று. காற்றுத் துப்பாக்கி வாங்கும் நாளில் அதற்கெனக் கருநிறமான, தடித்த சுவருள்ள குரோம்-மாலிப்டினம் சாக்கெட்டுகள் தனியே வாங்க வேண்டும் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். பளபளக்கும் குரோம்-வனேடியம் சாக்கெட்டுகள் கைவேலைக்கு உரியவை. துப்பாக்கியின் அடியில் அவை வெடித்துச் சிதறக்கூடும்.

வாங்கும் நாளில் உஸ்தாதும் வந்தார். தரத்தை எப்படிச் சோதிப்பது என்று நான் கேட்டபோது, சட்டைப் பையிலிருந்து புத்தம் புதிய போல்ட்டுகள் நான்கை எடுத்துக் காட்டினார். கடைக்காரர் நீட்டிய ஒவ்வொரு சாக்கெட்டையும் உரிய தலையில் மாட்டி, விரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். அசைவு மிகுந்ததைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு காதருகே வைத்து ராட்செட்டை மெல்லச் சுழற்றினார். எந்த நிறுவனம் என்று கடைசியில்தான் பார்த்தார். நாசிக்கிலும் ஜலந்தரிலும் செய்யப்பட்ட உள்நாட்டுக் கருவிகளே பெரும்பாலும் அந்தச் சோதனையில் தேறின. கடைக்குச் செல்லும்போது உங்கள் வண்டியின் அளவுக்கேற்ற புதிய போல்ட்டுகள் இரண்டைப் பையில் போட்டுச் செல்லுங்கள் என்பதே இந்தப் பதிவின் மிகப் பயனுள்ள வரியாக இருக்கலாம்.

பெரிய பெட்டி பற்றிய விவாதம் அன்றும் ஓயவில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கை என்ற இளைஞரின் வாதத்துக்கு உஸ்தாத் விடை சொல்லவில்லை. எனக்கும் முழு விடை இல்லை. ஏழாண்டு அனுபவம் கண்ணுக்குத் தெரியாது, பெட்டி தெரியும். சான்றிதழ் இல்லாத அறிவு தன்னைக் காட்டிக்கொள்ள ஏதோ ஒரு பொருளைத் தேடத்தான் செய்யும். பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளும் நாம் அதைக் குறை சொல்ல முடியாது. இறுதியில் இளைஞரே ஒரு வழி கண்டார். சுவரில் ஒரு மரப்பலகை அறைந்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைச் சாயத்தில் வரைந்து, அதன் மேல் கருவியைத் தொங்கவிட்டார். கருவிகள் குறைவு, பலகை பெரிது. வருபவர் கண்ணில் அதுவே முதலில் படுகிறது. ஒரு கருவி எஞ்சினுக்குள்ளோ வண்டியின் மடிப்பிலோ தங்கிவிட்டால், வெள்ளை உருவம் மாலையில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதிகம் பயன்படுவன கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. ஜிப்ஃபைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

பட்டியலின் இறுதி வடிவத்தைக் கேட்பவர்களுக்காக இங்கே தருகிறேன். எட்டில் மூன்று பங்குத் துளையில் ஆறுமுனைச் சாக்கெட்டுகள் 8, 10, 12, 13, 14, 17, 19. 72 பல் ராட்செட் ஒன்று. நீட்டிப்புத் தண்டுகள் இரண்டு. அதே ஏழு அளவுகளில் கூட்டு ஸ்பேனர்கள். டீ ஸ்பேனர்கள் இரண்டு. அரை அங்குல நீண்ட கைப்பிடி ஒன்று, அதற்கு 19, 22, 24 சாக்கெட்டுகள். ஸ்பார்க் பிளக் சாக்கெட் ஒன்று. 10 அளவில் மட்டும் இன்னொரு சாக்கெட் கூடுதலாக. தொலைந்துபோவது எப்போதும் அதுவே என்பதில் உஸ்தாதுக்கும் ஷாகிர்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொகை 12,000க்குள் அடங்கியது. மாணவர்கள் தங்கள் ஒரே வண்டிக்காக வாங்குவதானால் இதில் பாதி போதும். வண்டியைச் சுற்றி வந்து தலைகளை எண்ணுங்கள், எந்த அளவு எத்தனை என்று எழுதுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இந்தத் தொகைக்குள் வரவில்லை. சிலிண்டர் தலையை இறுக்கும் நாள்களில் இளைஞர் உஸ்தாதின் பட்டறைக்குச் சென்று அதை வாங்கி வருகிறார். மாலைக்குள் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். அடுத்த வாங்கல் அதுதான் என்று பலகையின் வலது மூலையில் அதற்குரிய வெள்ளை உருவத்தை இப்போதே வரைந்து வைத்திருக்கிறார்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் சாக்கெட்டுக்கும் ராட்செட்டுக்கும் மரை தேய்வதற்கும் என்ன சொல் வழங்குகிறது என்பதை ஊர்ப்பெயருடன் எழுதுங்கள். கோவை, சிவகாசி, நாகர்கோவில் பக்கத்து நண்பர்களின் சொற்களை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.